கால் ஊன்றாமல்

அன்று நான் மாலை வகுப்புக்குப் போகவில்லை. ஓவியா அக்கா முதல் முறையாகக் கேமரா முன்னால் பைக் ஓட்டும்போது, பக்கத்து ராபர்ட்சன்பேட்டையில் உட்கார்ந்து ஆங்கில இலக்கணம் படிக்க என்னால் முடியாது.

பெங்களூரில் ஒரு மோட்டார் சேனலில் அக்காவுக்கு வேலை. இதுவரை மற்றவர்கள் பேச எழுதிக் கொடுத்தவள், இப்போதுதான் ஒரு சாகச பைக்கைத் தானே ஓட்டிப் பார்த்துப் பேசப் போகிறாள். இடம், தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரிகம். ‘செத்துப்போன ஊரில் ஒரு பைக்’ என்று டைரக்டர் சரத் முன்பே தலைப்பு வைத்திருந்தார்.

ஸ்டேஷன் ரோட்டில் ஆள் வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொரு சந்தாகப் பார்த்தேன். சரியாகப் பார்த்தேனா என்று மறுபடியும் பார்த்தேன். அப்படியும் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டிலிருந்து சரோஜம்மா குடத்தோடு வந்துவிட்டார்.

“கொஞ்சம் உள்ள இருங்கம்மா. ஊர்ல யாருமே இல்லாத மாதிரி எடுக்கணுமாம்.”

“அப்போ நான் இன்னா, பேயா? தண்ணி வர்ற நேரத்துல உள்ள இருன்றான் பாரு.”

அக்கா எஞ்சினை அணைத்தாள்.

“சரத், ஆளுங்கள மறைச்சிட்டு என் ஊரச் செத்துப்போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்.”

“கான்செப்டே அதான் ஓவியா. அந்தச் சுரங்க மண் மேட்டுல ஏத்து, தூசி பறக்கட்டும், முடிஞ்சது.”

“மேட்டுல எல்லாரும்தான் ஏத்தறாங்க. இவ்ளோ கனமான வண்டிய ஜனங்க நடுவுல மெதுவா ஓட்ட முடியுமான்னு யாரு காட்டறாங்க? சாயங்கால ரயில் வரப்போவுது. அந்தக் கூட்டத்துல ஓட்டறேன். ஒரு தடவ கால் ஊனினாலும் உங்க தலைப்ப நானே படிக்கறேன்.”

“அப்புறம் அழக்கூடாது.”

“நீங்களும்தான்.”

அந்த பைக்கில் உட்கார்ந்தால் அக்காவின் நுனிக்கால்தான் தரையைத் தொடும்.

ரயில் வந்தது. பெங்களூரில் வேலை முடித்தவர்கள் பைகளோடு ரோட்டை நிறைத்தார்கள். அவர்களுக்கு நடுவே சரோஜம்மாவும் குடத்தோடு நடந்தார். அக்கா எதிரே நடை வேகத்தில் வந்தாள். யாரும் ஒதுங்கவில்லை.

“இன்னாம்மா, எருமைக்கு லைசென்ஸ் வாங்கிட்டியா?” என்றார் ஒருவர். அக்கா சிரித்தபடியே அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

பாதி தூரத்தில் எங்கள் அம்மா ராணி, டிபன் பையோடு சக்கரத்துக்கு நேராக வந்து நின்றாள்.

“மத்தியானம் சாப்ட்டியா?”

வண்டி நின்றுவிட்டது. அக்கா கால்மிதிகளில் எழுந்து நின்றாள். ஹேண்டில் இப்படியும் அப்படியும் நடுங்கியது.

“சாப்ட்டேம்மா. வழி விடு.”

“இன்னா சாப்ட்டே?”

“லெமன் சாதம்மா!”

அம்மா திருப்தியோடு விலகினாள். வண்டி நகர்ந்தது. அக்காவின் கால் தரையில் படவே இல்லை. யாரோ விசிலடித்தார்கள். நானும்தான்.

சரத் கேமராவை இறக்கினார். “தலைப்ப நீயே வை” என்றார்.

வீடியோ வந்த அன்று லைன் வீட்டு வாசலில் என் போனைச் சுற்றி எல்லாரும் நின்று பார்த்தோம். ‘வீடு திரும்பும் நேரத்தில் ஒரு சாகச பைக்.’ அக்காவின் முதல் வரி, “இது ஊரிகம். என் ஊர்.”

சரோஜம்மா இன்னொரு முறை போடச் சொன்னார்.

“எல்லாம் சரி. என் குடம்தான் பாதி தெரியுது.”