அழியாத விதியும் பிள்ளையார் அட்டையும்

"மனுஷன் அழிவான், மெஷினும் அழியும். விதி மட்டும் அழியாது!"

தலைமை நிரல் அதிகாரி அனந்தநாராயணன் இதைச் சொல்லி வாயை மூடவில்லை, கரண்ட் போயிற்று. திரும்பி வரும்வரை எல்லோரும் புழுங்கிக்கொண்டு நின்றோம்.

1978. மறையூருக்கு மேலே தேயிலைத் தோட்டங்கள் வைத்திருந்த எங்கள் கம்பெனியின் பாலக்காடு ஆபீசில் புதுக் கம்ப்யூட்டருக்கு அன்று திறப்பு விழா. பழையதை லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. அதனாலென்ன? எந்த இயந்திரத்திலும் ஃபோர்ட்ரான் நிரல் ஓட வேண்டுமானால் எப்படி எழுத வேண்டும் என்று கல்பாத்திக்காரரான அனந்தநாராயணன் விதிகளை வகுத்து ஒரு வழிகாட்டியே எழுதியிருந்தார். நூறு வருஷம் நிற்கும் என்பது அவர் கணக்கு. நூல் அச்சில் இருந்தது.

நிரலின் ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளைகளாகப் போட்டால்தான் இயந்திரம் படிக்கும். அந்த அட்டை துளைக்கும் பொன்ராஜ் தோட்டத்திலிருந்து வந்த தற்காலிக ஆள். அவனை நிரந்தரமாக்கும் உத்தரவில் டைரக்டர் குப்பண்ணன் விழா முடிந்ததும் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. பொன்ராஜுக்கு ஒரு பழக்கம். எந்த நிரலானாலும் அட்டைக் கட்டின் உச்சியில் மையால் பிள்ளையார் சுழி போட்ட ஓர் அட்டையை வைப்பான். அதன் முதல் கட்டத்தில் C என்று துளைத்துவிடுவான். C இருந்தால் இது மனிதர்களுக்கான குறிப்பு என்று இயந்திரம் தாண்டிப் போய்விடும்.

கரண்ட் வந்தது. தோட்டத்துக் கொழுந்து எடைக் கணக்கைப் போடும் நிரலை இயந்திரம் மளமளவென்று விழுங்கியது. அச்சுப்பொறி நாலு வரி தட்டியது. நின்றுவிட்டது.

அனந்தநாராயணன் முகத்தில் விபூதிக்கும் தோலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"டேய் பொன்ராஜ், அந்தச் சுழி அட்டையை வெச்சயோ?"

"எப்பவும் வைக்கிறதுதான சார்."

"வெச்சுட்டான்! புது மெஷினாக்கும் இது, உன் தோட்டத்துக் கோயில் இல்லை. எடுடா அதை! இதனாலதான் நின்னுதுன்னா இன்னிக்கே நீ மறையூர் பஸ்ஸைப் பிடிச்சுக்கோ."

பொன்ராஜ் அட்டையை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நிரலை மறுபடி ஓட்டினார்கள். அதே நாலு வரி. அதே இடத்தில் நின்றது.

"ஏனுங்க சாமி," என்றார் குப்பண்ணன். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நிலக்காரர், ஆத்திரப்படவே தெரியாதவர். "பிள்ளையாரை எறக்கியும் வண்டி நகரலீங்களே?"

அனந்தநாராயணன் தாளைக் கிழித்து உரக்கப் படித்தார். பாதியில் குரல் இறங்கியது. விசை, அதாவது சுவிட்ச், எப்படி இருக்கிறது என்று கேட்கும் வரி தனக்குப் புரியவில்லை என்று இயந்திரம் சொல்லியிருந்தது.

அதுதான் அவருடைய முதல் விதி. தான் எந்த இயந்திரத்தில் இருக்கிறோம் என்பதை நிரல் முதலில் விசையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். விசை மேலே இருந்தால் இது, கீழே இருந்தால் அது. அவர் அறிந்த இயந்திரங்களுக்கெல்லாம் நெற்றியில் வரிசையாக விசைகள் இருந்தன.

இதன் நெற்றி மொழுமொழுவென்றிருந்தது.

"விசை எங்கே போச்சு?" அனந்தநாராயணன் இயந்திரத்தை ஒரு சுற்று வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். நாங்களும் குனிந்தோம்.

"சாமி, செவுத்துல ஒண்ணு இருக்குதுங்க."

"அது ஃபேன் சுவிச்சு!"

"அப்ப அந்த வரியையும் எறக்கிப்போடுங்க."

"எறக்கறதா? அது விதியாக்கும்! விதியை எடுத்துட்டா எல்லா மெஷின்லயும் எப்படி ஓடும்?"

"இப்ப எதுலங்க ஓடுது?"

அனந்தநாராயணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பொன்ராஜ் விசை அட்டைகளைத் தேடி உருவினான். "தம்பி, அவரையும் ஏத்திக்க" என்றார் குப்பண்ணன். பொன்ராஜ் சட்டைப்பையிலிருந்து பிள்ளையாரை எடுத்து உச்சியில் வைத்தான்.

ஓடியது. கொழுந்து எடை தோட்டம் தோட்டமாக அச்சாகி வெளியே வந்தது. குப்பண்ணன் அங்கேயே, அச்சுப்பொறியின் மேல் வைத்து, பொன்ராஜின் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் அச்சகத்திலிருந்து வழிகாட்டி நூல் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. முகப்பில் அனந்தநாராயணனின் படம். ஒரு விசையின் மேல் கைவைத்துக்கொண்டு நின்றார்.