மாசியில் வந்த திருவிழா

பேச்சியம்மா என் ஓரகத்தி. என் கொழுந்தன் அழகுமுத்துவின் மனைவி. தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்கு அடுத்த காம்பிரா அவளுடையது. நடுவில் ஒரே சுவர். அவள் வீட்டில் கடுகு வெடித்தால் என் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சுவார்கள். அவளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். அதை மூடி மறைக்க இனிமேல் எனக்கு இஷ்டமில்லை, மறைத்தவரை போதும்.

நாற்பத்தேழாம் வருஷம் சித்திரைக் கடைசியில் மாமியார் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, மூத்த மருமகள் நான் இருக்க, அவளைத்தான் கூட்டிக்கொண்டு போனார். குலதெய்வத்துக்கு அவள் பிள்ளையின் முடியை இறக்க வேண்டுமாம். என் பிள்ளைகளுக்குத் தலையில் முடியே முளைக்காத மாதிரி. அடுத்த வருஷம் பங்குனி பிறந்ததும் திரும்பி வந்தாள், மதுரையில் வாங்கிய அரக்குச் சுங்குடிச் சேலையோடு. அதன்பிறகு வாயைத் திறந்தால் 'நம்ம ஊருல' என்றுதான் பேச்சு. நானோ பக்கத்து டவுன் தலவாக்கலையைத் தாண்டாதவள். அந்தச் சேலை கொடியில் காயும்போதெல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போவேன்.

நான் செய்து அவள் செய்யாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவள் இந்தியாவில் இருந்த அந்த வருஷம் எலக்சன் நடந்தது, நான் ஓட்டுப் போட்டேன். ஆனால் அதுவும் நிலைக்கவில்லை. மறு வருஷமே சட்டம் வந்து, தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமை போய்விட்டது. பிறகு ஓட்டுமில்லை என்றார்கள். இந்த நாட்டிலேயே தொடர்ந்து இருந்ததை நிரூபிக்கிறவர்கள் மட்டும் மனுப்போட்டு வாங்கிக்கொள்ளலாமாம். நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் மனு தள்ளுபடி. போனது பெண்சாதி என்றாலும் அப்படித்தான்.

அண்ணன் தம்பி இருவருக்கும் கொட்டகலைக் கடைக்காரர் ஜமால்தீன் நானாதான் மனு எழுதிக் கொடுத்தார். ஐம்பத்தைந்தில் எங்களுக்குக் கிடைத்துவிட்டது. எங்கேயும் போக வக்கில்லாமல் கிடந்ததே எங்களுக்கு யோக்கியதை ஆகிவிட்டது. அந்தக் காகிதத்தைப் பார்க்கப் பேச்சி வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓரத்தை மட்டும் தொட்டாள். என் வீட்டுப் பொருள் ஒன்றை அவள் அப்படி ஆசையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

மறு வருஷம் அவர்கள் மனுவுக்கு அட்டனில் விசாரணை. இந்தியா போய் வந்த பாஸ் காகிதம் கூரை ஒழுகி ஊறிக் கூழாகியிருந்தது. அதனால் பேச்சி திரும்பி வந்த நாளுக்குச் சாட்சி வேண்டும். சொந்தக்காரி சொன்னால் நம்புவார்கள் என்று கொழுந்தன் என்னைக் கூட்டிப் போனான். என்னை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். விசாரிக்கும் ஐயா சிங்களத்தில் கேட்க, பக்கத்தில் இருந்த கிளார்க் தமிழில் சொன்னார்.

"அவங்க எவ்வளவு காலம் இந்தியாவுல இருந்தாங்க?"

பத்து மாசம். எனக்கு விரல்விட்டுச் சொல்லத் தெரியும். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"ரெண்டு திருவிழாவுக்கும் அவ இங்க இல்லீங்க."

"தோட்டத்துல வருசத்துக்கு ஒரு திருவிழாதானே?"

"ஆமாங்க."

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எங்கள் மாரியம்மனுக்கு எப்போதும் வைகாசியில்தான் தேர். பெரிய துரை வந்து முதல் தேங்காயை உடைத்து வடத்தைத் தொடாமல் தேர் நகராது, அது இங்கே வழக்கம். நாற்பத்தெட்டில் துரை சித்திரையில் சீமைக்குப் போக இருந்தார். அவருக்காகத் திருவிழாவை மாசிக்கு முன்னால் இழுத்துவிட்டார்கள். அதனால் பத்து மாசத்துக்குள் இரண்டு தேர். இது எனக்குத் தெரியாதா? பேச்சி ஊரில் இல்லாததால், அந்த மாசித் திருவிழாவில்தான் எங்கள் வீட்டு முளைப்பாரியை நான் சுமந்தேன். ஐயா என்னவோ எழுதிக்கொண்டார். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

கொஞ்ச நாளில் காகிதம் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்ததாகச் சாட்சி சொல்கிறது, மறுப்பு இருந்தால் மூன்று மாசத்துக்குள் சொல்லலாம் என்று இருந்தது. ஜமால்தீன் நானாவே தோட்டத்துக்கு ஏறி வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினார்.

"அந்த வருசம் மாசியிலயே தேர் ஓடினது எனக்கே நெனவிருக்கு, தங்கச்சி. சூடம், சாம்பிராணி எல்லாம் என் கடையில இருந்துதான் வந்திச்சு. ஆனா நான் வெளியாள். சொன்ன நீங்களே வந்து ஒரு வார்த்தை திருத்திச் சொன்னாத்தான் எடுபடும்."

"அதுக்கென்ன நானா, வாரேன்," என்றேன்.

அட்டனுக்குப் போக வேண்டிய அன்று காலையில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன். போய்ச் சொன்னால் அவளுக்கும் அந்தக் காகிதம் வந்துவிடும். பிறகு சுங்குடிச் சேலையும் அவளுக்கு, ஓட்டும் அவளுக்கு. எனக்கென்று என்ன மிச்சம்? பேச்சி கொத்தமல்லித் தண்ணி காய்ச்சி எடுத்து வந்தாள். என் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"படுத்துக்கக்கா," என்று சொல்லிவிட்டுப் புருஷனோடு பஸ்ஸுக்குப் போனாள். மனு தள்ளுபடியானது.

அறுபதாம் வருஷம் பங்குனியில் எலக்சன் வந்தது. எங்கள் லயத்தில் ஓட்டு இருந்தது எனக்கும் என் புருஷன் மாயாண்டிக்கும் மட்டும்தான். அன்று காலையில் பேச்சி அந்தச் சுங்குடியை மடித்து எடுத்து வந்தாள்.

"கட்டிட்டுப் போக்கா. நல்ல நாளு."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷ ஆசை. அவளே கொசுவம் பிடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்து வரிசையில் நான்கு பேர் திரும்பிப் பார்க்க நின்று, சீட்டில் புள்ளடி போட்டுவிட்டு வந்தேன்.

சாயந்திரம் பேச்சி கொழுந்து நிறுத்துவிட்டு வந்தாள். சேலையை மடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"போட்டியாக்கா?"

"போட்டேன்."

"நீயே வச்சுக்க. இது கொடியில காயுறப்பெல்லாம் நீ மூஞ்சியத் திருப்பிட்டுப் போறத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வந்த அன்னிக்கே ஒனக்குக் குடுத்திருக்கணும். குடுத்திருந்தா இன்னிக்கு நானும் ஒன்கூட வரிசையில நின்னுருப்பேன்."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனாள். நான் சேலையோடு அவள் வாசலிலேயே நின்றேன்.