பெரட்டில் வெட்டிய பெயர்

தீவின் வடகோடியில், திக்லிபூர்ப் பக்கம் கோடா பஹாட் உச்சியில் வெள்ளைக்காரன் காலத்துக் கைதிக் கொட்டடி ஒன்று இடிந்து கிடக்கிறது. அங்கே தினமும் காலை ஒன்பது மணிக்கு, எதிரில் நிற்பவர்களின் பெயரை ஒரு குரல் கூப்பிடும். பதில் சொன்னவருக்கு நாளுக்குப் பத்தாக நாற்பது கசையடி விழும். குரலுக்கும் ஆளில்லை, கசைக்கும் ஆளில்லை. வாயைத் திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது என்று சுற்றியுள்ள நான்கு ஊருக்கும் தெரியும். வங்காளி மளிகைக்கடைக்காரர் ஒருவர் தும்மியதையே பதிலாக எடுத்துக்கொண்டு, கசை விலா எலும்பு தெரிய அடித்தது. மீனவர் கஸ்பார் திமிராகப் பதில் சொல்லிவிட்டுப் படகேறி நடுக்கடலுக்கு ஓடினார். நான்காம் நாள் அவரைச் சாக்கில் அள்ளித்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

தமிழரசிக்கு மலையைவிடப் புருஷனின் வாய்மேல்தான் பயம். முருகானந்தம் ரப்பர் தோட்டத்தில் இருபது வருடம் காலைப் பெரட்டில் நின்ற ஆள். வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் அந்த வரிசை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவர்கள் ஜனத்தோடு கப்பலேறி வந்த வழக்கம். பெயரைக் கேட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். தோட்டத்தை மூடியபின் சுற்றுலாக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போகும் வேலை கிடைத்ததும், தினமும் அவர் வாய் நிறைய வெற்றிலையை அடைத்து அனுப்பினாள். இரண்டு வருடத்துக்கு முன் மார்கழியில், மெயின்லேண்டிலிருந்து வந்த ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். மரியாதைக்காக முருகானந்தம் வெற்றிலையைத் துப்பினார். அதே நேரம் பெயர் கேட்டது. "ஹாஜர், சார்" என்றார்.

முதல் பத்தில் முதுகுத் தோல் உரிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே விழுந்த பத்தில் குளுக்கோஸ் பாட்டில் உடைந்து சுவரெல்லாம் ரத்தம் தெறித்தது. மூன்றாம் நாள் எலும்பு முறியும் சத்தம் வராந்தா வரை கேட்டது. இந்த ஆள் இல்லாமல் இருக்க முடியாது என்று தமிழரசிக்கு அப்போதுதான் உறைத்தது. நான்காம் நாள் விடிந்ததும் மலையேறினாள். பெரட்டில் ஒரு பெயரை வெட்ட, வீட்டு ஆள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அவளுக்கு அது தெரியும். கொட்டடி முன்னால் தாலியைக் கழற்றினாள், பொட்டை அழித்தாள். ஒன்பது மணிக்குக் குரல், அடி பாக்கி இருந்த பெயரை, முருகானந்தம் என்று கூப்பிட்டது.

"அவரு செத்துப் போயிட்டாருங்க தொரை. பேர வெட்டிருங்க."

பேனா கீறும் சத்தம் கேட்டது. கசை விழவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆக்சிலியா நாடி பிடித்துப் பார்த்தார்; நாடி இல்லை. முருகானந்தம் கஞ்சி கேட்டார். குடிக்க வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவரைக் கொசு கடிப்பதில்லை. தமிழரசியைக் கல்யாணத்துக்கு யாரும் அழைப்பதில்லை, அவளும் எதிர்பார்ப்பதில்லை. முதல் வருடத் திதிக்கு இலை போட்டுப் படைத்தபோது காக்காய்க்காகக் காத்திருக்கவில்லை. முருகானந்தமே இலைமுன் உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பில் உப்பு குறைச்சல் என்றார். அவள் எழுந்துபோய் உப்பு எடுத்துவந்தாள்.