ஓப்பல் அக்கா கை உயர்த்திய பாடல்

எங்கள் மலைகளில் கூதிர்காலம் மெல்லவே இறங்கும். மேப்பிள் இலைகள் செம்மை முதிர்ந்து, கிளையைப் பிரிய மனமின்றி நடுங்கும். கொட்டில்களில் தலைகீழாய்த் தொங்கும் புகையிலையின் மணம் பள்ளத்தாக்கெங்கும் கனத்துக் கிடக்கும். ஆற்றை மூடிய பனிக்குமேல் தேவாலயத்தின் வெண்கோபுரம் கடலிடைப் பாய்மரம்போல் தனித்து நிற்கும். தீர்ப்பு ஒன்றை எதிர்நோக்கி உலகம் மூச்சடக்கும் பருவம் அது.

அப்பருவத்தில் எங்கள் நால்வர் பாடற்குழு மூன்றாம் முறையாக மேல்குரலை இழந்தது.

குழுவைத் தொடங்கியவர் ஹோபர்ட் அண்ணன். அவர் அடிக்குரல், கோய் இடைக்குரல், நான் முதற்குரல். சவ அடக்கத்திலும் அறுவடை விருந்திலும் பாடித் திரிந்த எங்களை, நாங்கள் பதிந்த இசைத்தட்டு ஒன்று வானொலியில் ஒலித்து டென்னசி முழுதும் அறியச் செய்தது. அதன்பின் மேல்குரல்காரர் எவரும் தங்கவில்லை. காரணம், அண்ணன் வகுத்த சோதனை.

பெரிய அரங்கு எதிலும் பாடுமுன், ஆலயத்தில் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நால்வரும் பாடவேண்டும். அண்ணனின் மனைவி ஓப்பல் அக்கா கடைசி இருக்கையில் சுவரைப் பார்த்து அமர்ந்திருப்பார். குரல்கள் கலந்து ஒன்றானால் அசையமாட்டார். ஒரு குரல் துருத்தினால் கை உயர்த்துவார். வாய் திறக்கலாகாது. மூன்று முறை கை உயர்ந்தால் மேல்குரல்காரன் வீடு திரும்பவேண்டும்.

சனிக்கிழமை நாக்ஸ்வில் வானொலி அரங்கில் பாட அழைப்பு வந்திருந்தது. புதிய மேல்குரலாக முடிதிருத்தும் ஆர்வில் வந்து நின்றான்.

முதற்பாடலிலேயே கை உயர்ந்தது.

“அடக்கிப் பாடுப்பா. இது உன் கடை இல்ல, சர்ச்சு,” என்றார் அண்ணன்.

“இதுக்கு மேல அடக்குனா மூச்சே நின்னுடும்ணே.”

மீண்டும் பாடினோம், மீண்டும் கை.

“போன ஆளு இந்நேரம் தொப்பிய எடுத்துட்டான். நீ தேவலாம்,” என்று கோய் ஆறுதல் கூறினான்.

மூன்றாம் முறை ஆர்வில் அஞ்சி, வாயை மட்டும் அசைத்தான். அருகில் நின்ற எனக்கு அவனிடமிருந்து ஓர் ஒலியும் கேட்கவில்லை. ஆயினும் கை உயர்ந்தது.

“மூணாச்சு. போயிட்டு வாப்பா,” என்றார் அண்ணன்.

“நான் பாடவே இல்லையேண்ணே.”

கோய் திரும்பினான். “அக்கா, யாரு குரலைக் கேட்டுக் கை தூக்குனீங்க?”

அக்கா சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: “அவரோடதுதான். தட்டு ரேடியோவுல வந்த நாள்லேருந்து அவருக்குத்தான் தூக்கிட்டிருக்கேன்.”

“முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்றார் அண்ணன், முகம் வெளிறி.

“பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாருங்க? யாரு குரல்னு ஒருத்தராவது கேட்டீங்களா?”

கோய்க்கு எழுந்த சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணன் தம் தொப்பியை எடுத்துக்கொண்டிருந்தார். தாம் தொடங்கிய குழுவிலிருந்து, தாம் இட்ட சட்டத்தாலேயே வெளியேறக் கதவுவரை சென்றுவிட்டார்.

“அண்ணே,” என்றான் ஆர்வில். “அடிக்குரல் இல்லாம நான் எது மேல ஏறி நிக்கறது? இன்னொரு தடவ பாடுவோம். நீங்க கொஞ்சம் பின்னால தள்ளி நில்லுங்க, போதும்.”

அண்ணன் திரும்பி வந்து எங்கள் மூவருக்கும் பின்னால் நின்றார். அவர் குரல் காலடி நிலம்போல் தாங்கியது, தனித்துத் தெரியவில்லை. அக்கா அசையவில்லை.

பாடல் முடிந்ததும் அண்ணன் பீடத்தின் படியில் மண்டியிட்டார். தாம் அனுப்பிவிட்ட மூவரின் பெயர்களையும் மெல்லச் சொல்லி மன்னிப்பு வேண்டினார். ஆர்வில் அவரருகே மண்டியிட்டான், நாங்களும்.

பின்னாலிருந்து அக்கா சொன்னார்: “கர்த்தர் உங்க நாலு பேரையும் ஒரே குரலாக் காக்கட்டும். போற எடமெல்லாம் சமாதானமா இருங்க.”