தலைகீழாக நின்ற பீம்

சனிக்கிழமை சாயங்காலம் தொங்கிக்கொண்டிருந்த பீம், திங்கட்கிழமை காலையில் எழுந்து நின்றுகொண்டிருந்தது.

மெர்சி ஏணியின் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். ஆம்பூர் பைபாஸை ஒட்டி அப்துல் வஹீத் கட்டிக்கொண்டிருக்கும் தோல் உலர்த்தும் கூடம் அது. சைட் இன்ஜினியர் அவள். கான்கிரீட் இன்னும் போடவில்லை. பலகை அடித்துக் கம்பி கட்டியதோடு சரி. தளத்துக்குக் கீழே இறங்கவேண்டிய நடு பீமின் கம்பிக்கூடு, தளத்துக்கு மேலே கைப்பிடிச் சுவர் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நேற்று அவள் சர்ச்சில் இருந்தபோது யாரோ பலகையைப் பிரித்து மாற்றி அடித்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. கான்ட்ராக்டர் ஜெயசீலன் சிரித்துக்கொண்டே பின்னால் ஏறி வந்தார்.

"இன்னா மேடம், பேயப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?"

"பீம யாரு மேல தூக்கினது?"

"பாய்தான் சொன்னாரு. பீம் கீழ இருந்தா தோல் தொங்குற கன்வேயர் இடிக்குதாம். அதே சைஸ், அதே கம்பி. தளமும் பீமும் சேந்தா இங்கிலீஷ் டி எழுத்து. தலைகீழா எழுதினா டி இல்லாம போயிடுமா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை?"

"ஜெபத்துல இருக்கிறவங்கள பேஜார் பண்ணலாமா? உங்களுக்காகத்தான் கான்கிரீட் கலவைய எம் இருபது கிரேடுலேர்ந்து எம் முப்பதா ஏத்தியிருக்கேன். லாரி கெளம்பிடுச்சு."

மெர்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். லாரி வாணியம்பாடி தாண்டியிருக்கும். வந்துவிட்டால் கலவை காத்திருக்காது. அவள் 'ம்' என்றால் கொட்டுவார்கள். சில மாதத்தில் இந்தக் கூரையில் ஈரத்தோல் வரிசை வரிசையாகத் தொங்கும். கீழே பெண்கள் நின்று கொக்கி மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

'ம்' என்று சொல்லாமல் இறங்கினாள்.

கீழே அப்துல் வஹீத் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு தோல் துண்டு. வழவழப்பான பக்கத்தை வெளியே வைத்து மடக்குவதும், வெடிப்பு தெரிகிறதா என்று பார்ப்பதுமாக இருந்தார். தூக்கத்தில்கூட அவருக்கு அந்தக் கை நிற்காது என்று தொழிற்சாலையில் கேலி உண்டு.

"வாம்மா. ஒரு பீம். அதுக்கு இன்னா முகத்த தூக்கி வச்சிருக்கே?"

"பாய், தோல மடக்கினா வெடிப்பு எந்தப் பக்கம் வரும்?"

"வெளிப்பக்கம். இழுபடுதில்ல?"

"உள்பக்கம்?"

"சுருங்கும். ஒன்னோட ஒன்னு நெருக்கும். இது எங்க வீட்டுக் கொழந்தைக்கும் தெரியும்."

"பீமும் அப்படித்தான் பாய். பாரம் ஏறினா நடுவுல தொய்யும். அடிப்பக்கம் இழுபடும், மேல்பக்கம் நெருக்கும். இழுபடுறத கம்பி பாத்துக்கும். நெருக்குறத கான்கிரீட்தான் தாங்கணும். தளம் மேல இருந்தா நாலரை அடி அகலமாவது தோள் குடுக்கும். இப்ப மேல இருக்கிறது பீமோட ஒம்பது அங்குலம்தான்."

பின்னாலேயே இறங்கி வந்த ஜெயசீலன் குறுக்கிட்டார். "அதுக்குத்தானே பாய் எம் முப்பது. ஒன்றரை மடங்கு பலம்."

"பலத்த ஒன்றரை மடங்கா ஏத்தினீங்க. தாங்குற அகலத்த ஆறுல ஒரு பங்கா கம்மி பண்ணிட்டீங்க. எது பெருசு?"

ஜெயசீலன் விரலை மடக்கிப் பார்த்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"தலைகீழ் பீமே கூடாதுன்னு சொல்லல," என்றாள் மெர்சி. "அதுக்கு வேற கணக்கு. இன்னும் உயரம் வேணும், மேலயும் கம்பி வேணும். இது அது இல்ல."

வஹீத் தோலை மடக்குவதை நிறுத்தினார். "விழுமா?"

"கம்பி மொதல்ல இழுபட்டா விரிசல் காட்டும், ஆளுங்க ஓடிடலாம். கான்கிரீட் மொதல்ல நொறுங்கினா முன்கூட்டி ஒன்னும் சொல்லாது பாய்."

பைபாஸில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு லாரி.

"என் கன்வேயர்?"

"நீளவாக்குல ஒரே வளையமா ஓட்டினாத்தான் பீம் இடிக்கும். பீமுக்கு அந்தப் பக்கம் ஒன்னு, இந்தப் பக்கம் ஒன்னுன்னு ரெண்டு சின்ன வளையமா ஓட்டுங்க. இன்னொரு மோட்டார் வேணும், அவ்ளோதான்."

வஹீத் தலைக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார். பார்வை மெல்ல இறங்கி, கொக்கி மாட்ட ஆட்கள் நிற்கப்போகும் இடத்தில் வந்து நின்றது.

"ஜெயசீலா, பீம கீழ எறக்கு. இனிமே நான் சொன்னாலும் இந்தப் பொண்ணக் கேக்காம பலகைல கை வைக்காதே."

"சரி பாய். ஆனா லாரி?"

நிஜமான லாரி அப்போது வாசலுக்குள் திரும்பியது, கலவை நிறைந்த வயிற்றைச் சுழற்றிக்கொண்டு. மெர்சி கேட் பக்கம் பார்த்தாள். கல் பரப்பி, கம்பி விரித்து, நான்கு நாளாகக் கான்கிரீட்டுக்குக் காத்துக்கிடந்தது லோடு வண்டிகள் ஏறும் சரிவு.

"அங்க கொட்டுங்க," என்றாள்.

கலவை வழியத் தொடங்கியதும் வஹீத் தோல் துண்டை மறுபடி மடக்க ஆரம்பித்தார்.

"எம் முப்பதுல வாசப்படி. ஆம்பூர்ல யாரு வச்சிருக்கான்?" என்றார் ஜெயசீலனைப் பார்த்து.