பச்சை வளையம்

ஆரின் ட்வெய்ட்டுக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சிவக்கும். அப்புறம்தான் வாய் திறக்கும். ஏப்ரல் மாதத்து அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் டவுன் ஹாலில் அவர் எழுந்து நின்றபோது, பின் வரிசையில் இருந்தவர்களுக்கே காது தெரிந்தது.

"மச்சான், உட்காரு. தீப்பிடிச்சுக்கப் போகுது," என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான் டெல்பர்ட். மனைவியின் தம்பி. வாயை மூடி வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி.

ஆரின் உட்காரவில்லை. சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. கரடி ஓடைக்கு மேற்கே அறுபது ஏக்கரைச் சுற்றிச் சிவப்புக் கோடு. வரும் ஜனவரியில் தரை உறைந்ததும் அந்த அறுபது ஏக்கர் காட்டையும் வெட்டிவிடப் போகிறார்களாம். வரைபடத்தின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் கோலீன் டிரேகர், இந்த மாவட்டத்தின் அரசு வேட்டைக் காடுகளுக்கெல்லாம் பொறுப்பாளி.

"மேடம், அந்தக் காட்டுல மான் வேட்டைக்கு முப்பத்து மூணு நவம்பர் உக்காந்திருக்கேன். நீங்க எத்தனை தடவை உக்காந்தீங்க? அது பொதுக்காடு, எங்க காடு. அதைப் போய் ஆட்டை உரிக்கிற மாதிரி உரிக்கிறேன்னு சொல்றீங்களே, நீங்க என்ன கசாப்புக்காரியா?"

கைதட்டல் எழுந்தது. உடனே மறுபேச்சும் எழுந்தது. பறவை வேட்டைக்கு நாய் வளர்க்கும் லைல், "அங்க ஆஸ்பென் மரமெல்லாம் கிழடு தட்டிப் போச்சுய்யா. என் நாய் மூணு மணி நேரம் அலைஞ்சு ஒரு கிரவுஸ் கோழியைக் கூட எழுப்பல. வெட்டட்டும்!" என்றார். அம்பு வைத்து வேட்டையாடும் ஒருவர், மானுக்கு ஓக் கொட்டைதான் சோறு, ஓக்கைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்றார். மூன்றாவது ஆள், வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் சரி, வண்டி நிறுத்த இடம் விடுங்கள் என்றார். வேட்டைக்காரர்கள் நாற்பது பேர் கூடினால் காடு நாற்பதாகிவிடும், இது எந்த ஊரிலும் உள்ளதுதான்.

கோலீன் குரலை உயர்த்தவே இல்லை. "ஓக்கை யாரும் தொடல. ஆஸ்பெனை மட்டும் மொத்தமா எடுக்கறோம். கோட்டுக்குள்ள நல்ல ஓக் மரமாப் பாத்துப் பச்சை வளையம் போட்டிருக்கேன். வளையம் இருக்கற மரம் நிக்கும். இல்லாதது எல்லாம் விழும். திங்கக்கிழமை மரம் எடுக்கறவங்க வந்து பாக்கறாங்க. அதோட அடையாளம் முடிவாயிடும்."

ஆரின் மெல்ல உட்கார்ந்தார்.

இரண்டு ஞாயிறுகளுக்கு முன் அவர் தனியாகக் காட்டுக்குப் போயிருந்தார். வருஷா வருஷம் அவர் அடியில் உட்காரும் ஓக், மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும், அதன் இடுப்பைச் சுற்றிப் பச்சைப் பெயின்ட். இந்தப் பக்கத்தில் தோப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், மரத்தில் பெயின்ட் விழுந்தால் அது மரம் அறுக்கிற மில்லுக்குப் போகிற மரம். மில் ஆள் வந்து, வெட்ட வேண்டியதற்கு மட்டும் வண்ணம் அடித்துவிட்டுப் போவான். முப்பது வருஷமாக அவர் கண்டது அதைத்தான். மொத்தமாக வெட்டுகிற காட்டில் கணக்கு தலைகீழ் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? வண்டியில் இருந்த கம்பிப் பிரஷ்ஷை எடுத்து, ஒன்றரை மணி நேரம் வியர்க்க வியர்க்க அந்த வளையத்தைச் சுரண்டித் தள்ளிவிட்டு, ஏதோ கொலைகாரன் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கி வந்தவர் போல வீடு திரும்பினார். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அந்த மரத்துக்குத் தூக்குக் கயிறு போட்டது அவரே.

கூட்டம் கலைந்து எல்லோரும் வறுத்த மீன் சாப்பிட எதிரே இருந்த பாருக்குக் கிளம்பியபோது, கோலீன் நேராக அவரிடம் வந்தாள். "கசாப்புக்காரின்னு சொன்னீங்க. ஆறு வருஷம் முன்னாடி இதே காட்டுல வடக்குத் துண்டை வெட்டினேனே, அப்பவும் அதையேதான் சொன்னீங்க. நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு அங்க வாங்க. பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

"வர்றோம்," என்றான் டெல்பர்ட், அவனை யாரும் கேட்காமலே.

விடிவதற்கு முந்தைய சாம்பல் வெளிச்சத்தில் மூவரும் வடக்குத் துண்டின் ஓரத்தில் நின்றார்கள். பள்ளங்களில் பனி இன்னும் கரையாமல் கிடந்தது. வெட்டிய பிறகு இந்தப் பக்கம் ஆரின் காலே வைத்ததில்லை, துக்கம் நடந்த வீட்டைச் சுற்றிப் போகிற மாதிரி சுற்றித்தான் போவார். மொட்டைத் தரையை எதிர்பார்த்து வந்தவருக்கு எதிரே விரல் நுழைய இடமில்லாமல் இளம் ஆஸ்பென்கள் நின்றன. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, கட்டை விரல் பருமன், ஆயிரம் ஆயிரமாக.

"யாரு நட்டா இதெல்லாம்?" என்று கேட்டார்.

"யாரும் நடல. கீழ வேர் ஒண்ணுதான். மேல மரம் நிக்கற வரைக்கும் அது சும்மா கிடக்கும். மரத்தை எடுத்ததும் மொத்தமா வெடிச்சுக் கிளம்பிடும். உங்களையும் என்னையும் விடக் கிழவி அந்த வேர்," என்றாள் கோலீன். பிறகு உதட்டில் விரலை வைத்தாள்.

நடுவில் புல் முளைத்த சின்னத் திட்டு ஒன்று இருந்தது. அங்கிருந்து மூக்கடைத்தவன் முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. மறுபடி. மறுபடி. கைப்பிடி அளவுப் பறவை, நீண்ட அலகு, தலையில் பின்னால் தள்ளி வைத்த கண்கள். காட்டு உள்ளான். ஆரின் அதை நூறு தடவை சுட்டிருக்கிறார், வெங்காயம் போட்டு வதக்கித் தின்றிருக்கிறார். அது பேசிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

சட்டென்று அது கிளம்பியது. சிறகுகள் சிலுசிலுவென்று ஒலிக்க, வட்டம் வட்டமாக மேலே, இன்னும் மேலே, ஒவ்வொரு வட்டமும் முந்தையதை விடச் சின்னதாக. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் பறவை வெறும் புள்ளி, பிறகு புள்ளியும் இல்லை, ஒலி மட்டும் இருந்தது. அந்த ஒலியும் நின்றது. அடுத்த மூச்சில் வானத்தின் உச்சியிலிருந்து, குடத்திலிருந்து நீர் தளும்பி விழுகிற மாதிரிக் கீச்சுக் குரல் கொட்டத் தொடங்கியது. பறவை இடமும் வலமுமாகச் சரிந்து சரிந்து விழுந்து, கிளம்பிய அதே புல் திட்டில், அதே இடத்தில் வந்து நின்று, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி முனகியது.

டெல்பர்ட்டின் கையிலிருந்த காப்பி சரிந்து பூட்ஸில் கொட்டிக்கொண்டிருந்தது, அதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

இடப்பக்கம் இன்னொன்று எழுந்தது. ஓடைப் பக்கம் மூன்றாவது. தலைக்கு மேலே வானம் முழுக்க அந்தச் சிலுசிலுப்பு. இளங்காட்டின் உள்ளே பழைய மோட்டார் ஒன்று கிளம்பத் திணறுவது போல, முதலில் மெதுவாக, பிறகு படபடவென்று ஓர் அதிர்வு கேட்டது. கிரவுஸ் சேவல் மரக்கட்டை மேல் நின்று சிறகடிக்கிறது. அந்த அதிர்வு காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் விழுந்தது.

ஆரினுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. இந்தக் காட்டைத் தனக்குத் தெரிந்த அளவுக்கு எவனுக்கும் தெரியாது என்று நேற்றுத்தான் நாற்பது பேருக்கு நடுவில் முழங்கியிருந்தார். அவருக்குத் தெரிந்தது நவம்பர் மட்டும். அதிலும் துப்பாக்கிக்கு எதிரே இருந்த ஐம்பது அடி மட்டும்.

"இதுக்கு இந்தப் பொட்டல் வேணும். பக்கத்துலயே இளங்காடும் வேணும்," என்றாள் கோலீன் தாழ்ந்த குரலில். "இப்ப வெட்டப் போற மேற்குத் துண்டுல எட்டு வருஷமா ஒண்ணு கூட எழும்பல. நான் போய் நின்னு நின்னு எண்ணினேன்."

நன்றாக விடிந்ததும் பறவைகள் அடங்கின. "கோலீன்," என்றார் ஆரின். நேற்று முழுக்க மேடம் போட்டவர். "என்கூட மேற்குத் துண்டுக்கு வாங்க. ஒண்ணு காட்டணும்."

ஓக்கின் முன்னால் போய் நின்றதும் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுரண்டிய பட்டை காயம் மாதிரிச் சிவந்து தெரிந்தது. விரிசல்களுக்குள் அங்கங்கே பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது. கோலீன் அதைத் தடவிப் பார்த்தாள். முகம் இறுகியது.

"யாரு?"

"நான்தான். வெட்டறதுக்குப் போட்ட பெயின்ட்டுன்னு நெனச்சேன்."

"மச்சான், நீயா?" என்று அலறினான் டெல்பர்ட். அப்புறம் அவனால் தாங்க முடியாமல் சிரித்துவிட்டான். "காப்பாத்தறேன்னு போய்க் கழுத்தை அறுத்திருக்கியே!"

கோலீன் சிரிக்கவில்லை. "என்னைக் கேட்டிருக்கலாமே. ஒரு போன் போட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். ரெண்டு வாரம் இந்தக் காடு பூரா நடந்து ஒவ்வொரு மரமாப் பாத்துப் போட்ட அடையாளம் இது." பட்டையிலிருந்து கையை எடுத்தாள். "இப்ப நான் சும்மா மறுபடி பெயின்ட் அடிக்க முடியாது. நிக்கற மரங்களோட பட்டியல்ல இது இருக்கு, மரத்துல அழிஞ்சிருக்கு. யாரு அழிச்சது, ஏன் அழிச்சதுன்னு படிவத்துல எழுதணும். எழுதினா அது ரேஞ்சர் கைக்குப் போகும். அடையாளத்தை அழிச்சா ஒரு வருஷம் வேட்டை லைசென்ஸ் கிடையாது. எழுதலைன்னா இந்த மரம் பட்டியல்லேர்ந்து போயிடும். திங்கக்கிழமைக்கு அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

டெல்பர்ட் சிரிப்பை நிறுத்தினான். அவரை ஒரு பக்கம் இழுத்தான்.

"மச்சான், யோசி. ஜனவரில இந்தக் காடு போயிடும். இது இப்படியே நிக்கப் போறது இன்னும் ஒரே ஒரு நவம்பர்தான். அதையா விட்டுக் குடுக்கப் போற? ஒரு மரம்தானே? ஒண்ணும் பேசாம வண்டில ஏறு."

அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஆரினுக்கும் அதுதான் வலித்தது. கடைசி நவம்பர். முதல் பனி விழுந்த காலையில், உயரமான ஆஸ்பென்களுக்கு நடுவே மான் அடி எடுத்து வைக்கும் அந்த ஒரு கணம். அதற்காக அவர் வருஷம் பூராவும் உயிரை வைத்துக்கொண்டிருந்தார் என்றே சொல்லலாம். அது இனி வராது. அறுபத்திரண்டு வயதில், இந்தக் காடு மறுபடி அந்த உயரம் வளர்வதைப் பார்க்க அவர் இருக்கப் போவதும் இல்லை.

"படிவத்தைக் குடுங்க," என்றார்.

வண்டியின் முன்மூடி மேல் வைத்து எழுதினார். பெயர், விலாசம், லைசென்ஸ் எண். காரணம் என்ற கட்டத்தில் 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்று எழுதினார். ஒரு தடவை படித்துப் பார்த்தார். அடித்துவிட்டு, 'கேட்காமல் செய்துவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கோலீன் அதை வாங்கிப் படித்தாள். வண்டியிலிருந்து பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றி நடந்தாள்.

"இந்த நவம்பர்ல என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள், பெயின்ட் அடித்தபடியே.

"துப்பாக்கி இல்லாம வந்து உக்கார்றதுக்கு ஏதாவது தடை இருக்கா?"

"இல்ல. அது யாரு வேணும்னாலும் உக்காரலாம்."

"அப்ப வருவேன்."

அவள் வேலையை முடித்துத் தள்ளி நின்றாள். ஆரின் பத்தடி பின்னால் போய் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கிளைகள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனி மரம் அளவுக்குத் தடித்து, மேலே ஏறி ஏறி, உச்சிக் கொம்புகளில் காலை வெயில் அப்போதுதான் விழுந்துகொண்டிருந்தது. இவ்வளவு பெரிதா இது? முப்பத்து மூன்று வருஷம் இந்த மரத்துக்கு முதுகைக் காட்டியேதான் அவர் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், போலாமா?" என்றான் டெல்பர்ட்.

"இரு," என்றார் ஆரின். "இன்னும் பாக்கல."