மூன்றடி உட்கார்ந்த வீடு

காட்சிப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஆறாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தையற்காரியின் வீடு மூன்றடி தரைக்குள் இறங்கி உட்கார்ந்தது. சுவரில் விரிசல் விழவில்லை. அடுப்பிலிருந்த பால் தளும்பவும் இல்லை.

மேட்டு மைதானம் ஊருக்குப் பொது, அதை யாரும் வளைக்கக் கூடாது, அங்குள்ள பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் ஏரி முழுவதும் தெரிய வேண்டும் என்றது சட்டம். நல்ல சட்டம்தான். கிடங்குக்காரர்கள் விழுங்கியிருந்த கால்வாசி மைதானம் அதனால்தான் திரும்பி வந்தது. அளக்க வந்த ஆய்வாளர் பெஞ்சில் உட்கார்ந்து, கருவியில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்து, தையற்காரி வீட்டு மாடியறை மூன்றடி உயரத்துக்கு ஏரியை மறைக்கிறது என்று எழுதினார். முப்பது நாளில் அறையை இடிக்க வேண்டும். அந்த அறையில்தான் அவள் கணவர் படுத்திருந்தார். மின்கம்பத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போனவர். கட்டிலிலிருந்து அவருக்குத் தெரிந்த வெளியுலகம் ஜன்னலில் தெரிந்த ஏரி மட்டுமே. அதற்காகவே எட்டு வருஷம் தைத்துத் தைத்து அவள் அந்த அறையை எழுப்பியிருந்தாள்.

பக்கத்து வீட்டார் வழக்குப் போடச் சொன்னார்கள். அவள் கடவுளை வேண்டிக்கொண்டு, முதலில் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தாள். அருகில் ஊன்றுகோலுடன் ஒரு பெரியவர் கழுத்தை எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் புண்ணியவான் வீடோ, சரியா குறுக்க நிக்குது."

"என் வீடுதாங்க," என்றாள்.

பெரியவர் எக்குவதை நிறுத்தினார். "பரவால்லம்மா, மீதி தெரியுதுல்ல."

அந்தப் 'பரவால்ல'யைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கொத்தனாரை வரச் சொன்னாள். அவர் கடப்பாரையோடு படியேறும்போதுதான் வீடு உட்கார்ந்தது.

"நான் போட்ட அஸ்திவாரம்க்கா இது, இப்படியெல்லாம் இறங்காது," என்று அவர் கோபித்துக்கொண்டார். அரைமணி கழித்து வீடு எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. பெஞ்சில் ஆள் இருந்தால் வீடு உட்காரும், பெஞ்சு காலியானால் எழும் என்று கண்டுபிடித்தவர் தபால்காரர். ஆய்வாளர் வந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். 'மறைப்பு ஏதுமில்லை' என்று எழுதிவிட்டுப் போனார்.

ஆனால் வீடு உட்கார்ந்தபோதெல்லாம் ஜன்னலுக்கு எதிரே ஏரிக்கரையின் மண்தான் நின்றது. காட்சியின் பேர் பரவ, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பெஞ்சில் ஆள் இருந்தது. "மண்ணுலயும் எறும்பு போகுது, வருது. பொழுது போயிடும்," என்றார் கணவர். அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கொத்தனார்தான் பொறுக்க மாட்டாமல் பெஞ்சிலிருந்தவர்களிடம் போய் ஜன்னல் விஷயத்தைச் சொன்னார். முதலில் எழுந்தது ஊன்றுகோல் பெரியவர். எழுவது அவருக்குச் சின்ன வேலையில்லை.

"அவரே எழுந்துட்டாரு, நமக்கென்ன காலு வேர் விட்டுடுச்சா?" என்று மற்றவர்களும் எழுந்தார்கள். வீடு எழுந்தது. அன்றிலிருந்து மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் எல்லாரும் பெஞ்சை விட்டு எழுந்து நின்றார்கள். மறுவருஷம் அதையே சட்டத்தின் பதினான்காம் விதியாகச் சேர்த்தார்கள். தபால்காரர் குனிந்து கடிதம் கொடுக்கப் பழகினார்.

ஒன்பது வருஷம் கழித்து, ஒரு பத்து நிமிடத்தின் நடுவில், ஏரியைப் பார்த்தபடியே கணவர் காலமானார். பதினாறு நாள் கழித்துத் தையற்காரி மைதானத்துக்குப் போய்க் கைகூப்பினாள்.

"ரொம்ப உபகாரம் பண்ணீங்க. இனிமே யாரும் எழுந்திருக்க வேணாம்."

பெஞ்சிலிருந்த டீச்சரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "'அந்த வீட்டில் வசிப்பவர்'னுதான் விதியில இருக்கு. பேரு போடல. நீங்க போய்ப் பாருங்க, நேரமாச்சு."

எல்லாரும் எழுந்தார்கள். இத்தனை வருஷத்தில் மருந்து கொடுக்கவும் போர்வை மாற்றவும் தவிர அவள் அந்த ஜன்னலருகே நின்றதில்லை. மேலே போய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பத்து நிமிடம் ஏரியைப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்தார்கள், வீடும் உட்கார்ந்தது. பாதியில் விட்ட ரவிக்கையைத் தைக்க அவள் கீழே இறங்கினாள்.